பட்டயத்தின் பின்பக்கம்

அக்கா,

போன சனிக்கிழமை லயத்து வீட்டைக் காலி செய்தோம். சாமான்களை எல்லாம் ஜீப்பில் ஏற்றிவிட்டு, எதையாவது விட்டுவிட்டோமா என்று பார்க்க ஒருமுறை உள்ளே போனேன். முதலில் கண்ணில் பட்டது சுவரில் ஒரு வெள்ளைக் கட்டம். மற்ற இடமெல்லாம் அடுப்புப் புகை ஏறிப் பழுப்பாக இருந்தது. அந்தக் கட்டம் மட்டும் நேற்று சுண்ணாம்பு அடித்தது போல் இருந்தது. பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் சின்னது. சின்னது திரு இருதய ஆண்டவர் படம் இருந்த இடம். பெரியது நிலப் பட்டயம் மாட்டியிருந்த இடம்.

ஆண்டவரைவிடப் பட்டயம் பெரிது என்று இத்தனை வருஷம் நான் கவனிக்கவில்லை. நீ இருந்திருந்தால் இதை வைத்து ஏதாவது சொல்லி அம்மாவிடம் அடி வாங்கியிருப்பாய். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கதவைச் சாத்தி, சாவியைக் கொண்டுபோய் எஸ்டேட் ஆபீசில் கொடுத்தேன். அவர்கள் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "அழுதுரு பிள்ள, மனசு லேசாவும்" என்கிறார்கள். அழுகை வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், தண்ணீர் பிடிக்கிறேன். வேலையும் இருந்தது. நீ பாதியில் விட்ட வேலை. அது எப்படி முடிந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பட்டயம் கிடைத்தபோது நான் நாலாம் வகுப்பு. ரோட்டோரம், யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே அந்த அஞ்சு சென்ட், தாத்தா காலத்திலிருந்து நம் கையில்தான் இருந்தது. மரவள்ளி போட்டோம், பீன்ஸ் போட்டோம். காகிதம் மட்டும் இல்லை. அந்த வருஷம் அரசாங்கத்தில் பந்தல் போட்டு, மைக் வைத்து, பெயர் கூப்பிட்டுப் பட்டயம் கொடுத்தார்கள். நல்ல மழை. அம்மா அதை, தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் தாளில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். மறுநாளே டவுனுக்குப் போய்க் கண்ணாடி போட்டு வாங்கி வந்தாள்.

லயத்தில் பட்டயம் கிடைத்த எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். பெட்டியில் வைத்தால் ஈரம் குடித்துவிடும், கரையான் வரும். சுவரில் இருந்தால் வருகிறவர்கள் பார்ப்பார்கள், நமக்கும் சொந்தமாக ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். கண்ணாடி போட்டவர் பின்னால் அட்டை வைத்து, சுற்றிலும் ஆணி அடித்து, ஓரத்தில் பழுப்பு டேப் ஒட்டிக் கொடுத்தார். அதன் பிறகு அதை யாரும் திறக்கவில்லை.

சாயங்கால ஜெபம் முடிந்ததும் அம்மா ஆண்டவர் படத்துக்கு முன்னால் சிலுவை போடுவாள். பிறகு அரை அடி தள்ளி நின்று பட்டயத்துக்கும் ஒரு சிலுவை போடுவாள்.

"ஏம்மா, இவரு மோட்சத்துல எடம் தாரேன்னுதான் சொல்லுதாரு. அவரு ரோட்டோரத்துல அஞ்சு சென்ட் குடுத்தே போட்டாரு. இதுல யாரு பெரியவரு?" என்று ஒரு நாள் நீ கேட்டாய்.

"வாயிலயே போடுவேன்" என்றாள் அம்மா. ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

லயத்து வீடு எஸ்டேட்டுடையது. வீட்டில் ஓர் ஆள் வேலையில் இருக்கும்வரை இருக்கலாம். அப்பா இல்லை. நீ கொழுந்து எடுக்கப் போகமாட்டேன் என்று ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யப் போனாய். எனக்கு வயது ஆகவில்லை. அம்மா ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்தாக வேண்டும். அதற்குள் அஞ்சு சென்டில் ஒரு வீடு எழும்ப வேண்டும், அதற்குப் பஞ்சாயத்தில் வீட்டு நம்பர் கிடைக்க வேண்டும், நம்பர் கிடைத்தால்தான் கரண்டு. இதை நீ விரல் மடக்கி எனக்குச் சொன்னாய். விரலை மடக்கினால் எல்லாம் நடந்துவிடும் என்பது போல் சொன்னாய்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றது அம்மா சரிவில் வழுக்கிக் கையை ஒடித்துக்கொண்டபோது. சமைக்க ஆள் வேண்டும் என்று நின்றேன். கை கூடிய பிறகும் நான் திரும்பிப் போகவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ திட்டவில்லை. "சரி, அப்போ நம்ம ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளு" என்றாய்.

அது உண்மைதான். உனக்கு மலையாளம் தண்ணீர் போலப் பேச வரும், எழுத்து தெரியாது. எனக்கு எழுத்து தெரியும், ஆளைப் பார்த்தால் வாய் திறக்காது. எந்த ஆபீசுக்குப் போனாலும் வாசலில் வைத்து நீ என் தோளைத் தட்டுவாய். "நீ படி, நான் பேசுதேன்."

முதன்முதலில் வில்லேஜ் ஆபீசுக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். இந்தப் பகுதியில் வீடு கட்ட வேண்டுமென்றால் பஞ்சாயத்துக்குப் போகும் முன்னால் வில்லேஜ் ஆபீசில் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். பட்டயம் கொண்டு வாருங்கள் என்றார்கள். பிரேமைப் பிரித்தால் கண்ணாடி உடையும், நல்லதில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். நீ அதை அப்படியே கழற்றி, கம்பளியில் சுற்றி, ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். வளைவுக்கு வளைவு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். ஆபீசில் கம்பளியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தபோது கிளார்க் சிரித்துவிட்டார்.

"இது எந்தா சேச்சி, கல்யாண போட்டோவோ?"

"ஆமா சாரே, மாப்பிள்ள இதுக்குள்ளதான் இருக்காரு. பாத்து எடுங்க" என்றாய்.

அவர் போனில் படம் எடுத்து அங்கேயே பிரிண்ட் போட்டார். கண்ணாடியில் உன் முகமும் விழுந்திருந்தது. எழுத்துகளுக்கு நடுவில், மங்கலாக, ஒரு பக்கம் சிரித்த மாதிரி. முன்பக்கம் மட்டும்தான் அதில் இருந்தது. பின்பக்கம் என்று ஒன்று உண்டு என்று நமக்குத் தோன்றவே இல்லை.

அனுமதிக் கடிதம் வந்ததும் நான் உனக்குப் படித்துக் காட்டினேன். "வீடு வைப்பதற்கு மட்டும்" என்று இருந்தது. 'மட்டும்' என்பதையும் சேர்த்துத்தான் படித்தேன். "வீடுதானட்டி கெட்டப் போறோம்" என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஷட்டர் பற்றிய பேச்சு சுவர் இடுப்பு உயரம் வந்தபோது வந்தது. மேசன் ராசு அண்ணன் கரண்டியை வைத்துவிட்டு, முன் அறைக்கு ஜன்னல் வைக்கவா, ஷட்டர் வைக்கவா என்று கேட்டார். ரோட்டோரத்தில் வீடு கட்டுகிற எல்லோரிடமும் அவர் அதைக் கேட்பாராம். எல்லோரும் ஷட்டர் என்பார்களாம்.

"ஷட்டர் வைங்கண்ணே" என்று உடனே சொல்லிவிட்டாய்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் கணக்கை எல்லாம் சொன்னாய். ஏலக்காய், டீத்தூள், வீட்டில் செய்த சாக்லேட். கண்ணாடி ஜாடியில் போட்டு வரிசையாக வைத்தால் வண்டிகள் நிற்கும். ஒரு வருஷத்தில் ரிசார்ட் வேலையை விட்டுவிடலாம். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இருக்கத வச்சு இருப்போம்ட்டி" என்றாள்.

"அடுத்தவன் படுத்து எந்திச்ச பெட்ஷீட்ட இன்னும் எத்தன வருசம்மா உதற?" என்றாய் நீ. அதை நீ சிரிக்காமல் சொன்னாய். அம்மா நறுக்கிய பீன்ஸை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்த அதிகாரி வந்த நாளில் நான் மட்டும்தான் அங்கே இருந்தேன். புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஜீப் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் வில்லேஜ் ஆபீசர், மூக்குக்கண்ணாடி போட்டவர், மெதுவாகப் பேசுகிறவர். வீட்டைச் சுற்றி வந்தார். ஷட்டருக்கு முன்னால் நின்றார்.

"மோளே, இது எந்தா? கடையாணோ?"

யாராவது கேட்டால் ஜீப் நிறுத்த என்று சொல் என்று நீ சொல்லிக் கொடுத்திருந்தாய். எனக்கு அது நினைவு இருந்தது. வாய்தான் திறக்கவில்லை. வாளியைக் கீழே வைத்தேன். தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

அவர் கோபப்படவில்லை. ஷட்டரை அளந்தார்கள், படம் எடுத்தார்கள். ஒரு தாளில் எழுதி, என் வயதைக் கேட்டு, கையெழுத்து வேண்டாம் என்று சொல்லி, ஷட்டரிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். பணியை நிறுத்த வேண்டும். பட்டயம் கொடுத்த நோக்கத்துக்கு மாறாகக் கட்டடம் எழுப்பப்படுகிறது. நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். நான் அதை மூன்று முறை படித்தேன். பிறகு நீ வரும்வரை மறுபடியும் சுவருக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

நீ வந்து பார்த்தாய். நான் தலையாட்டியதைச் சொன்னேன். அடிப்பாய் என்று நினைத்தேன்.

"ஏட்டி கிறுக்கி, நீ ஆட்டலன்னா மட்டும்? இவ்வளவு பெரிய ஷட்டரு நின்னு ஆட்டுதுல்லா" என்றாய். அப்புறம் என் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டாய். அதற்குப் பிறகு அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதும் நான் அந்தத் தலையாட்டலை நினைக்கிறேன். அதனால் எதுவும் மாறியிருக்காது என்று தெரியும். இருந்தும் நினைக்கிறேன்.

விளக்கம் சொல்லப் போன அன்றைக்கு நீ நிறையப் பேசினாய். எதிரே மலை மேல் ஐந்து மாடி ரிசார்ட் இருக்கிறதே, அதற்குக் கீழே வரிசையாக எத்தனை கடை, அவர்களுக்கு ஒரு சட்டம் எங்களுக்கு ஒரு சட்டமா என்று கேட்டாய். அந்த ஆபீசர் முழுவதும் கேட்டார்.

"சட்டம் ஒண்ணு தன்னே. அவங்க பேர்லயும் நோட்டீஸ் உண்டு, கோர்ட்டுல கேஸ் உண்டு" என்றார்.

"அவங்களுக்கு கேஸ் நடத்த வக்கீலு இருக்காரு சாரே. எங்களுக்கு இவதான் இருக்கா" என்று என்னைக் காட்டினாய். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு அவர் தன் பைலைத் திறந்து, நம் பட்டயத்தின் நகலை எடுத்து, திருப்பி மேஜையில் வைத்தார். "இது வாசிச்சிட்டில்லே?" என்று, இதைப் படித்ததே இல்லையா என்பது போல் கேட்டார்.

பின்பக்கம் முழுக்கச் சின்ன எழுத்து. நிபந்தனைகள். நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். உன்னிடம் பேச்சு இல்லாமல் போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நீ பிரேமைக் கவிழ்த்துப் போட்டு, கத்தி முனையால் ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினாய். அம்மா "பாத்து, பாத்து" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி உடையவில்லை. அட்டையை எடுத்ததும் அந்தப் பின்பக்கம் அங்கேயே இருந்தது. எட்டு வருஷமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

நான் படித்தேன். ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். இந்த நிலம் குடியிருக்கவும் விவசாயம் செய்யவும் கொடுக்கப்படுகிறது. வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இத்தனை வருஷத்துக்கு விற்கக் கூடாது. நிபந்தனையை மீறினால் பட்டயம் ரத்தாகும், நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும், அதன் மேல் கட்டியதற்கு நஷ்ட ஈடு கிடையாது.

அம்மா தாளை வாங்கித் திருப்பித் தன் பெயரைப் பார்த்தாள். பிறகு, "அப்போ இது நம்ம நெலம் இல்லியா?" என்று கேட்டாள்.

"நம்மளதுதாம்மா. இருக்கதுக்கு நம்மளது. விக்கதுக்கும் கடை வைக்கதுக்கும் நம்மளது இல்ல."

"நம்ம நெலத்துல நாம என்ன செஞ்சா இவங்களுக்கு என்ன?"

நீ பிடுங்கிய ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். எனக்கு அன்று அதற்குப் பதில் தெரியவில்லை. இப்போது கொஞ்சம் தெரிகிறது என்று நினைக்கிறேன். பட்டயம் என்றால் மண்ணை நம் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று நாம் நினைத்தோம். அவர்கள் மண்ணை ஒரு காரியத்துக்காகக் கொடுத்தார்கள். அந்தக் காரியமும் சேர்ந்ததுதான் பட்டயம். முன்பக்கத்தில் அம்மாவின் பெயர், பின்பக்கத்தில் அந்தக் காரியம். நாம் பெயரை மட்டும் மாட்டி வைத்துக் கும்பிட்டோம். அது நியாயமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மலை மேல் அந்த ரிசார்ட் இன்னும் இருக்கிறது. சாயங்காலம் அதன் விளக்குகள் இங்கிருந்து தெரிகின்றன.

நீ பட்டயத்தை மறுபடி பிரேமுக்குள் வைத்தாய். ஆனால் திருப்பி வைத்தாய். பின்பக்கம் வெளியே தெரியும்படி. "இனிமே இந்தப் பக்கத்தப் பாத்து சிலுவ போடும்மா" என்றாய். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் சிலுவை போட்டாள்.

அதிகாரி வழி சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஷட்டரை எடுத்துவிட்டு, பஞ்சாயத்தில் கொடுத்த வரைபடத்தில் உள்ளபடி ஜன்னல் வைத்துச் சுவர் எழுப்புங்கள், எழுதிக் கொடுங்கள், நான் வந்து பார்த்துத் தடையை நீக்க எழுதுகிறேன். நீ அவகாசம் கேட்டாய். கொடுத்தார். உன் மனதில் வேறு ஒன்று இருந்தது. பட்டய நிலத்துக் கட்டடங்களை ஒழுங்குபடுத்தப் புதுச் சட்டம் வருகிறது, விதிகள் வருகின்றன, அப்போது கடைக்கும் வழி பிறக்கும் என்று ரோட்டில் எல்லோரும் பேசினார்கள். அது முன்னால் கட்டி முடித்தவற்றுக்கு, நம்முடையது பாதியில் நிற்கிற சுவர் என்று நான் சொல்ல நினைத்தேன். ஒரு நாள் துணி துவைக்கும்போது சொல்லியும் விட்டேன்.

"ஷட்டர எடுத்துருவோம்க்கா."

நீ துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாய். "நீ படி, நான் பேசுதேன். முடிவு பண்ண உன்னக் கேக்கல" என்றாய்.

நீ என்னிடம் கடுமையாகச் சொன்னது அது ஒன்றுதான். மறுநாள் எனக்கு ரிசார்ட்டிலிருந்து சின்ன சோப்பு இரண்டு கொண்டு வந்தாய். நான் வாங்கிக்கொண்டேன்.

மழைக்காலம் முழுவதும் அந்தச் சுவர்கள் கூரை இல்லாமல் நனைந்தன. ஷட்டரில் துரு ஏறியது. அம்மாவின் ஓய்வுத் தேதி சொல்லி எஸ்டேட் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. அதையும் நான்தான் படித்தேன்.

சனிக்கிழமை உனக்குக் காய்ச்சல். ஞாயிறு பூசைக்கு வரவில்லை. திங்கள் காலை உன் கண் மஞ்சளாக இருந்தது. ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். என் தோளில் சாய்ந்திருந்தாய். பாதி வழியில் கண்ணைத் திறந்து, "அவகாசம் என்னைக்குட்டி முடியுது?" என்று கேட்டாய். தேதியைச் சொன்னேன். "ம்" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. எலிக்காய்ச்சல் என்றார்கள். வியாழக்கிழமை மதியம் நீ இல்லை.

கல்லறையில் எல்லோரும் பாடினார்கள். நான் பக்கத்துச் சிலுவையில் இருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டு நின்றேன். எழுத்து இருந்தால் எனக்குப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அவகாசம் முடிந்தது. யாரும் வரவில்லை. விஷயம் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அம்மாவின் கடைசி வேலை நாளும் முடிந்தது. எஸ்டேட்டில் இரக்கப்பட்டுக் கொஞ்ச நாள் நீட்டித்துக் கொடுத்தார்கள். அதற்கு மேல் முடியாது என்றும் சொன்னார்கள். வேறு லயத்தில் ஓர் அறை கேட்கலாமா, தேனிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகலாமா என்று அம்மா தனக்குத் தானே பேசிக்கொண்டாள். வீட்டை முடிப்பது பற்றி மட்டும் பேசவில்லை. முடிக்க வேண்டுமென்றால் ஷட்டரை எடுக்க வேண்டும்.

நான் ராசு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வெகு நேரம் நின்றேன். அவரே வெளியே வந்து, "என்ன பிள்ள?" என்றார். கையில் வைத்திருந்த வரைபடத்தை நீட்டினேன். ஜன்னல் இருக்கும் இடத்தில் விரலை வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, "சரி, திங்கக்கெழம வாரேன்" என்றார்.

திங்கட்கிழமை அம்மா ஷட்டருக்கு முன்னால் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ ஆசப்பட்டு வச்சது. எடுக்க வேண்டாம். இது போவும், அதோட எல்லாம் போவும்."

ராசு அண்ணன் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு, பீடி பற்ற வைக்க அந்தப் பக்கம் போனார். நீ என்றால் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி எழுப்பியிருப்பாய். என்னிடம் இருந்தது கையோடு கொண்டுவந்த பட்டயத்தின் பின்பக்கம்தான். கீழே உட்கார்ந்து அதைப் படித்தேன். நிறுத்தி நிறுத்தி, தமிழில். நிபந்தனையை மீறினால் பட்டயம் ரத்தாகும் என்ற இடம் வரைக்கும். பிறகு, "எடுக்காட்டா நெலமே போயிரும்மா" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "நீயா பேசுத?" என்றாள். பிறகு எழுந்து மரவள்ளிப் பக்கமாகப் போய்விட்டாள். ஷட்டர் கழன்று விழும் சத்தம் கேட்டபோதும் அவள் திரும்பவில்லை.

அதை நாங்கள் எடைக்குப் போடவில்லை. பின்னால் விறகின் மேல் மூடி வைத்திருக்கிறோம். மழைக்கு நன்றாக இருக்கிறது.

ஜன்னல் வைத்தோம். கூரைக்கு ஷீட் போட்டோம். எழுதிக் கொடுத்தோம். அதே அதிகாரி வந்தார். "சேச்சி எவிடே?" என்று உன்னைப் பற்றி என்னிடம் கேட்டார். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சொன்னாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். பிறகு ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். முன் அறையில் நின்று, "இந்த ரூம்?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"படுக்குற ரூம்" என்றேன்.

அப்போது அதில் ஒன்றும் இல்லை. சிமெண்ட் சாக்கும் ஒரு விளக்குமாறும்தான் இருந்தன. அவர் எழுதிக்கொண்டார். இந்த இடத்தைக் குடியிருக்கவும் விவசாயத்துக்கும் மட்டுமே பயன்படுத்துவேன் என்று உறுதி எழுதித் தர வேண்டும் என்றார். நான் மலையாளத்தில் எழுதினேன். அம்மா கீழே தமிழில் கையெழுத்துப் போட்டாள். அவள் பெயரில் ஐந்து எழுத்து. ஒவ்வொன்றுக்கும் மூச்சு விட்டுவிட்டுப் போட்டாள். மூன்று வாரம் கழித்து வீட்டு நம்பர் வந்தது. தகரத் தகட்டில், நீல எழுத்து. கரண்டும் வந்துவிட்டது.

இப்போது எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் நான் முதலில் திருப்பிப் பார்க்கிறேன். ரேஷன் கடைச் சீட்டு, மருந்துச் சீட்டு, கோயிலில் கொடுக்கிற ஜெபத்தாள்கூட. பெரும்பாலும் பின்னால் ஒன்றும் இருக்காது. லயத்திலிருந்து சிலர் தங்கள் பட்டயத்தைப் பிரேமோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "அக்காளுக்குப் படிச்சுச் சொல்லுவியே, எங்களுக்கும் சொல்லு பிள்ள" என்கிறார்கள். ஆணியைப் பிடுங்கி, படித்துச் சொல்கிறேன். நீ பேசுவாய் என்று நினைத்துக்கொண்டு ஒரு இடத்தில் நிறுத்துவேன். அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் மிச்சத்தையும் நானே சொல்வேன். உன்னை நினைத்தால் என்ன தோன்றுகிறது என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அந்த நிறுத்தம்தான் என்னிடம் இருக்கிறது.

முன் அறையில் கட்டில் போட்டாகிவிட்டது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நேற்று காலை அம்மா பூசைக்குப் போயிருந்தாள். எனக்குக் கொஞ்சம் இருமல், போகவில்லை. வெளியே பனி இறங்கியிருந்தது. வாசலில் ஒரு கார் நின்றது. ஒரு பெண் கைக்குழந்தையோடு இறங்கி வந்தாள். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், வீட்டு நம்பர்த் தகட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா, இங்க பக்கத்துல கடை எதுவும் இருக்கா?"

"இல்லங்க" என்றேன். "இது வீடு."

"வீடுன்னு தெரியுதும்மா. அதான் கேக்கலாம்னு வந்தேன். புள்ளைக்குப் பால் கரைக்கணும். கொஞ்சம் வெந்நி கெடைக்குமா?"

நான் கதவை முழுவதும் திறந்தேன். அவளைக் கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.